நடந்தவர் வரலாறு – 17: எழுபது வளைவுகளும் ஒற்றையடித் தடமும்

காரவல்லி அடிவாரத்தைத் தாண்டியதும் கொல்லிமலைச் சாலையின் முதல் கொண்டை ஊசி வளைவு வந்துவிடுகிறது. மேலே சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் மொத்தம் 70 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞர்கள் அந்தப் பலகைகளின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது, அந்த வளைவுகளுக்கு இடையே செங்குத்தாக ஏறிப்போகிற, எண்ணும் பலகையும் இல்லாத தடங்களை.

சென்ற சில வாரங்களாகச் சென்னையில் இருந்தோம். 2014இல் சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்குமாக ஒரு கொள்கையை ஏற்றதையும், போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதத்தை அவர்களுக்கே செலவிட வேண்டும் என்று அதில் எழுதிவைத்ததையும், 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டதையும் பார்த்தோம். அங்கிருந்து நாமக்கல் மாவட்டத்து மலை உச்சிக்கு ஏன் தாவ வேண்டும், நகரத் திட்டமிடலுக்கும் மலைக்காட்டுக்கும் என்ன உறவு என்று தோன்றலாம். தமிழ்நாட்டில் நடப்பவரை மட்டுமே மனத்தில் வைத்து ஊர்கள் அமைந்த ஒரு நிலப்பரப்பைக் காட்டச் சொன்னால் நான் கொல்லிமலையைத்தான் காட்டுவேன். சக்கரம் வந்தபின் அந்த அமைப்புக்கு என்ன நேர்ந்தது என்பதும் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. நகரங்களில் நூறு ஆண்டுகளில் மெல்ல மெல்ல நடந்த மாற்றம், இந்த மலையில் ஒரே ஒரு சாலையின் வருகையோடு நடந்து முடிந்தது.

கொல்லிமலை சுமார் 280 சதுர கிலோமீட்டர் பரப்பு. கடல் மட்டத்துக்கு மேல் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமான பீடபூமி. மேற்கே சேந்தமங்கலம், ராசிபுரம். கிழக்கே துறையூர்ப் பக்கம். நாலாபுறமும் சமவெளியிலிருந்து சட்டென்று எழும்பி நிற்கும் மலை. இன்றைக்கும் அங்குள்ள 14 ஊராட்சிகளும் ‘நாடு’ என்றே பெயர் தாங்குகின்றன: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என்று. ஒவ்வொரு நாட்டிலும் சிறுசிறு ஊர்கள். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் இங்கே பெரும்பான்மையினர். தங்கள் முன்னோர்களான அண்ணன் தம்பியர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் பிரிந்து குடியேறியதாக அவர்கள் சொல்லும் கதை பழைய ஆங்கிலேயப் பதிவுகளிலும் இருக்கிறது. அந்தக் கதையே ஒரு நெடுநடையின் கதை.

இந்த மலைக்காகச் சங்க காலத்தில் இரத்தம் சிந்தப்பட்டது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி இதை ஆண்டான். முள்ளூர் மன்னன் திருமுடிக்காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். செம்மேட்டில் இன்று குதிரைமேல் அமர்ந்த ஓரியின் சிலை நிற்கிறது. ஆடி மாதத்தில் அரசு விழாவும் நடக்கிறது. பலாவும் தேனும் மிளகும் விளையும் மலை என்பதால் கீழே இருப்பவர்களுக்கு இதன்மேல் எப்போதும் கண் இருந்தது. மேலே இருப்பவர்களுக்கும் கீழே போகாமல் முடியாது. மலையில் எல்லாம் விளையும், உப்பு விளையாது. அந்த உப்புக்காகவே நாலாபுறமும் தடங்கள் தேவைப்பட்டன. கிழக்கே புளியஞ்சோலைக்கு இறங்கும் தடம், வடக்கே முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்குவது, மேற்கே பேளுக்குறிச்சி, காரவல்லிப் பக்கங்களுக்கு இறங்குபவை. பேளுக்குறிச்சியின் வாரச் சந்தை மளிகைச் சரக்குக்குப் பேர்போனது என்பதை அந்த வட்டாரத்தார் யாரும் சொல்வார்கள். அந்தப் பேரில் மலையிலிருந்து தலைச்சுமையாக இறங்கிய மிளகுக்கும் பங்கு உண்டு.

இத்தடங்கள் ஏனோதானோவென்று உண்டானவை என்று நினைப்பது தவறு. மலையின் ஒற்றையடித் தடத்தைக் கவனித்துப் பாருங்கள். பெருமழையில் வெள்ளம் இறங்கும் ஓடைப்படுகையை அது முடிந்தவரை தவிர்த்து, வரம்பு போல நீண்டிருக்கும் மலைமுதுகைப் பிடித்து ஏறும். ஓடையைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் பாறை அகன்று நீர் மெலிந்து ஓடும் இடத்தில் கடக்கும். சுமையோடு ஏறுபவருக்கு மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு நிழலோ உட்காரக் கல்லோ இருக்கும். தலைமுறை தலைமுறையாகக் கால்கள் திருத்தித் திருத்தி எழுதிய வரைபடம் அது. பெரியகோவிலூர் அறப்பளீசுவரர் கோயிலுக்கு ஆடிப் பதினெட்டுக்குத் திரளும் கூட்டம் காலங்காலமாக அந்த வரைபடத்தைப் பயன்படுத்தித்தான் வந்தது. கொல்லி அறப்பள்ளி தேவாரத்தில் பெயர் சொல்லப்படும் தலம். அப்படியானால் பக்தர்கள் இந்தத் தடங்களில் ஏறத்தொடங்கி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாது.

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1913இல் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்ற இளம் ஆங்கிலேய மிஷனரித் தம்பதி திருமணம் முடித்து இந்த மலையில் குடியேறினார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் ஏற்காட்டில் பங்களாக்கள் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், மலேரியாவுக்கு அஞ்சிக் கொல்லிமலைப் பக்கம் பெரும்பாலோர் தலைவைக்கவில்லை. பிராண்ட் தம்பதி வாழவந்தியில் வீடு கட்டினார்கள். அடுத்த ஆண்டு அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். பால் பிராண்ட் என்ற அந்தப் பையன் மலைப்பிள்ளைகளோடு வெறுங்காலில் ஓடியாடி வளர்ந்தான்.

ஜெஸ்ஸி பிராண்ட் மலையில் செய்த பல வேலைகளில் ஒன்று நம் தொடருக்கு முக்கியமானது. அந்நாளில் நரம்புச் சிலந்தி நோய் மக்களை வாட்டியது. இழைபோன்ற நீண்ட புழு, பெரும்பாலும் காலில், கொப்புளம் உண்டாக்கி வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் நோயாளி படிக்கிணற்றில் காலை நனைப்பார். புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். அதே நீரைக் குடிப்பவர்களுக்கு அடுத்த ஆண்டு நோய் வரும். கால் வீங்கிப் படுத்துவிட்டால் மலையில் பிழைப்பே நின்றுபோகும். நடக்க முடியாதவருக்குக் காடும் இல்லை, சந்தையும் இல்லை. பிராண்ட் அந்தப் புழுக்களைக் குச்சியில் சுற்றிச் சுற்றி மெதுவாக வெளியே எடுத்தார். அதோடு நிற்காமல், கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, யாரும் உள்ளே காலை வைக்காமல் வாளியால் மேலிருந்து இறைக்கும்படி மக்களைப் பழக்கினார். நடப்பவரின் பாதுகாப்பு என்றால் இன்று நாம் நடைமேடையும் சிக்னலும் நினைக்கிறோம். மலையில் அது கிணற்றுச் சுவரிலிருந்து தொடங்கியது. இந்தியா நரம்புச் சிலந்தி நோயிலிருந்து விடுபட்ட நாடாக அறிவிக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில்தான்.

ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலில் இறந்தார். மகன் பால் மருத்துவராகி 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்றார். தொழுநோயாளியின் பாதம் புண்ணாகி அழிவதற்குக் காரணம் சதை அழுகுவது அன்று. வலி தெரியாமல் நடந்துகொண்டே இருப்பதுதான் என்று அவரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தம் குவியாதபடி நுண்துளை ரப்பரில் செருப்புகள் செய்து கொடுத்தார்கள். கால் எப்படி நிலத்தை உணர்கிறது என்பதை உலகுக்கு விளக்கிய மருத்துவர் கொல்லிமலைத் தடங்களில் வெறுங்காலில் வளர்ந்தவர் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவருடைய தாய் ஈவ்லின் பணி ஓய்வுக்குப் பிறகும் இங்கிலாந்து திரும்பாமல், கொல்லி, கல்ராயன் முதலிய மலைகளில் மட்டக்குதிரையில் ஏறியும் நடந்தும் டோலியில் தூக்கப்பட்டும் ஊர் ஊராகச் சுற்றி, 1974இல் 95 வயதில் காலமானார். அவர் மலையேறத் தொடங்கியபோது ஊருக்கு ஊர் தடம் மட்டுமே. மறையும்போது சாலைக்காலம் பிறந்திருந்தது.

சாலை வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. அந்தச் சாலை ஏன் 70 முறை திரும்புகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல உரமுள்ள மனிதக் கால் நாலடிக்கு ஓரடி வீதம் ஏறும். லாரி அப்படி ஏற முடியாது. மலைச்சாலைக்கு இந்தியச் சாலைக் காங்கிரசின் நெறிமுறை ஏறக்குறைய இருபதடிக்கு ஓரடியைத்தான் இயல்பான சரிவாக வைக்கிறது. அடிவாரத்துக்கும் மேட்டுக்கும் 900 மீட்டர் உயர வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், நடப்பவர் மூன்றரைக் கிலோமீட்டரில் ஏறிவிடுவார். வண்டிக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் வேண்டும். அந்தப் பதினெட்டையும் ஒரே மலைச்சரிவில் அடக்கப் போய்த்தான் சாலை மடிந்து மடிந்து ஏறுகிறது. ஒவ்வொரு மடிப்புக்கும் கணக்கு உண்டு. வளைவின் உட்புற ஆரம் குறைந்தது 14 மீட்டர், அடுத்தடுத்த இரு வளைவுகளுக்கு நடுவே குறைந்தது 60 மீட்டர் இடைவெளி, வளைவில் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றெல்லாம் அதே நெறிமுறை சொல்கிறது. சக்கரத்துக்காக இவ்வளவு கணக்கிட்ட பொறியியலில், அதே சரிவில் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த காலுக்கு ஒரு வரி கிடையாது. பழைய தடத்தைச் சாலை எத்தனை இடத்தில் வெட்டுகிறது, வெட்டிய இடத்தில் மனிதர் எப்படி இறங்கி ஏறுவார் என்று வடிவமைப்பில் கேட்கப்படவே இல்லை.

சாலையால் வந்த நன்மையைக் குறைத்துச் சொல்லும் உரிமை சமவெளியில் இருக்கும் எனக்கு இல்லை. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, மலையிலிருந்து இறங்கி மருத்துவமனை போய்ச்சேர்வதற்குள் இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட, தாய் பிள்ளையைச் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் நடந்தார். அவரும் மலையாளிப் பழங்குடியே. இதைப் படித்த பிறகு ‘மலைக்குச் சாலை எதற்கு’ என்று பேசுபவரோடு எனக்குப் பேச்சில்லை. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியபோது மலை, பழங்குடிப் பகுதிகளில் 250 பேர் உள்ள குடியிருப்புக்கும் சாலை என்று தகுதியைத் தளர்த்தியது சரி. 2006இன் வன உரிமைச் சட்டம், கிராம சபை பரிந்துரைத்தால் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைச் சாலை போன்ற தேவைகளுக்கு விடலாம் என்றதும் சரி. ஆனால் 250 பேர்கூட இல்லாத குடிசைக் கூட்டங்கள் மலையில் உண்டு. அவர்களுக்கு இன்றும் தடம்தான் சாலை.

சாலை மனிதரை மட்டும் ஏற்றி இறக்கவில்லை, விளைச்சலையே மாற்றியது. தினையும் சாமையும் கேழ்வரகும் காய்ந்த தானியங்கள். வீட்டுக் குதிரில் மாதக்கணக்கில் கிடக்கும். மூட்டை கட்டித் தலையில் வைத்து எந்தத் தடத்திலும் இறக்கலாம். மரவள்ளி அப்படியில்லை. கனத்த கிழங்கு, பிடுங்கிய சில நாட்களில் ஆலைக்குப் போயாக வேண்டும். சேலம், நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி ஏற வழி பிறந்ததும் மலையின் சிறுதானியக் கொல்லைகள் மரவள்ளிக்கு மாறின. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலைக்கு வந்து சிறுதானிய விதைகளைக் காக்கும் வேலையைத் தொடங்கியது, அவை கைவிட்டுப் போய்க்கொண்டிருந்ததால்தான். உமி நீக்கும் இயந்திரங்களையும் அந்நிறுவனம் கொண்டுவந்தது. உரலில் இடித்து மாய்ந்த பெண்களின் வேலைச்சுமையும் சாமையைக் கைவிட ஒரு காரணம் என்று புரிந்தபின் செய்த காரியம் அது.

இப்போது சாலையில் நடப்பவரைப் பார்ப்போம். பேருந்தை விட்டவர், அடுத்த ஊருக்குப் போகும் பாட்டி, பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் யாரும் 18 கிலோமீட்டரைச் சுற்றி நடக்க மாட்டார்கள். வளைவுக்கு வளைவு குறுக்காக ஏறுவார்கள். அந்தக் குறுக்குத் தடம் சாலையில் வந்து முட்டும் இடம் பெரும்பாலும் வளைவை ஒட்டியே இருக்கும். ஓட்டுநருக்குக் கண் மறையும் இடமும் அதுவே. மேலிருந்து இறங்கும் மோட்டார் சைக்கிள் வளைவின் வேகக் கட்டுப்பாட்டை மதித்தால் பிழையில்லை. மதிக்காதவருக்கு எதிரே, புதரிலிருந்து விறகுக்கட்டோடு ஒரு பெண் திடீரென்று தார்ச்சாலையில் கால்வைக்கிறார். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்து நான்கு சதவீதம் கூடும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள்; 4,836 பேர் மிதிவண்டியில் சென்றவர்கள். செம்மேடு, சோளக்காடு கடைத்தெருக்களைப் பாருங்கள். சந்தை கூடும் நாளில் பலாவும் வாழையும் அன்னாசியும் சாலையோரம் குவிந்திருக்க, பேருந்தும் ஜீப்பும் சுற்றுலாக் கார்களும் ஊடே புகுந்துபோக, மக்கள் எங்கே நிற்பது? இந்தியச் சாலைக் காங்கிரசின் 2012ஆம் ஆண்டு நெறிமுறை நடப்பவருக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலத் தடையற்ற இடம் கேட்கிறது. அது நகரத்துக்கு மட்டும் எழுதப்பட்டதாகவே மலையூர்களில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

மிதிவண்டிக்கு வருவோம். 1991-92இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்ற கதையை எட்டாவது பகுதியில் சொன்னேன். 2001இல் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச மிதிவண்டி தரத் தொடங்கியது. பின்னர் அது எல்லாப் பிரிவு மாணவ மாணவியருக்கும் விரிந்தது. புதுக்கோட்டையின் சமதரையில் ஒரு சைக்கிள் ஒரு பெண்ணின் உலகைப் பெரிதாக்கியது. மலையில் அதே சைக்கிள் செம்மேட்டைச் சுற்றிய தார்ச்சாலையோடு நின்றுவிடும். ஒற்றையடித் தடத்தில் அதைத் தோளில் தூக்க வேண்டியிருக்கும். எனவே மலையில் அரசு கண்ட வழி வேறு: உண்டு உறைவிடப் பள்ளி. பிள்ளையால் பள்ளிக்குப் பாதுகாப்பாக நடக்க முடியாதபோது பிள்ளையையே பள்ளியில் தங்கவைப்பது. அந்தப் பள்ளிகளால் பல தலைமுறைகள் படித்தன, மறுக்கவில்லை. ஆனாலும் ஐந்து வயதுப் பிள்ளை தாயைவிட்டுப் பிரிந்திருப்பதற்கான காரணங்களில் நடக்கத்தக்க வழி இல்லை என்பதும் ஒன்று என்றால், அந்த வழியைச் சீராக்குவதைக் கல்விச் செலவாகவே நான் எண்ணுவேன்.

இதைத் தீர்க்க முடியாத சிக்கல் என்று சொல்லாதீர்கள். மலையே நாடாகக் கொண்ட சுவிட்சர்லாந்து தீர்த்திருக்கிறது. ஐம்பது, அறுபதுகளில் அங்கும் கார்ச்சாலைகள் பழைய நடைத்தடங்களை விழுங்கின. மக்கள் கையெழுத்துத் திரட்டினார்கள். 1979 பிப்ரவரியில் நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடந்து, நடைவழிகள் அரசியல் சட்டத்திலேயே இடம்பிடித்தன. 1985இல் வந்த சட்டம் ஒவ்வொரு மாநிலமும் தன் நடைவழிகளை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. சாலையோ கட்டடமோ ஒரு நடைவழியை அழித்தால், அதற்கு ஈடாக வேறு வழி அமைத்துத் தர வேண்டும் என்றும் அதில் விதித்தார்கள். 2018இல் மற்றொரு வாக்கெடுப்பில் மிதிவண்டிப் பாதைகளும் அரசியல் சட்டத்தில் சேர்ந்தன. நம் நாட்டுக்கும் இந்த எண்ணம் அந்நியமில்லை. காப்புக் காட்டில் ஒரு வழியை அடைத்தால் வசதியான மாற்று வழி இருக்க வேண்டும் என்று 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. காட்டை எடுத்துக்கொண்ட வெள்ளையர் அரசே ஒப்புக்கொண்ட இந்த நியாயத்தை, சாலை போடும் துறைகள் இன்னும் கைக்கொள்ளவில்லை.

கைக்கொள்ள இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. அதற்குக் காரணமும் ஒரு மருத்துவர். கோவையின் எலும்பு அறுவை நிபுணர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகளைப் பற்றி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. அதில் 2025 மே மாதம், நடைபாதை என்பது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் கூறியது. அக்டோபர் 7 அன்று, நடப்பவர்கள், மோட்டார் இல்லாத வண்டிகள் தொடர்பாகவும், தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்பு, பராமரிப்பு தொடர்பாகவும் மாநிலங்கள் ஆறு மாதங்களுக்குள் விதிகள் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

தமிழ்நாட்டு விதிகளில் மலைக்கென்று ஒரு பகுதி வேண்டும். அதில் என்ன எழுதலாம் என்பதற்குக் கொல்லிமலையைவிட நல்ல பாடநூல் இல்லை. குறுக்குத் தடம் சாலையில் முட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பக்கமும் கற்படி, ஒதுங்கி நிற்க அகலமான திண்டு, வளைவுக்கு முன்பே வண்டியின் வேகத்தைக் குறைக்கும் தடைகள். செம்மேடு, சோளக்காடு கடைத்தெருக்களில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. சந்தை நாளில் வண்டிகள் ஊருக்கு வெளியே நிற்க வேண்டும். பேருந்து நிறுத்தம் வளைவின் முனையில் இருந்தால் நேர்ப்பகுதிக்கு மாற்ற வேண்டும். பள்ளிகளைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் வட்டத்துத் தடங்களில் ஓடைகளுக்கு நடைப்பாலம். இவற்றுக்கெல்லாம் முதல் வேலை, 14 நாடுகளின் கிராம சபைகளும் தங்கள் தடங்களைத் தாங்களே நடந்து, பெயரோடு பட்டியலிட்டு வரைபடத்தில் ஏற்றுவது. சாலைக்குக் காட்டு நிலம் கேட்டுப் பரிந்துரைக்கும் அதிகாரம் வன உரிமைச் சட்டப்படி அந்தச் சபைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதே கூட்டத்தில், புதுச்சாலை எந்தத் தடத்தை வெட்டுகிறது, அந்த இடத்தில் படியும் திண்டும் வரைபடத்தில் உண்டா என்று கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம்.

(தொடரும்)